பிள்ளைகளுக்குத் தனிமமும் அணுவும்: எதை முதலில் கையில் கொடுப்பது?

குழித்துறைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். மகள் நாலாம் வகுப்பு. பள்ளியில் ஏதோ போட்டியாம், முதல் 20 தனிமங்களை வரிசை மாறாமல் சொல்லவேண்டும். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம் என்று நல்ல வேகமாகச் சொல்கிறாள், அதில் குறையில்லை. ஆனால் "போரான்னா என்னம்மா, நம்ம வீட்டில் இருக்கா?" என்று கேட்டால் பி.காம் படித்த நான் என்ன சொல்ல? யூடியூபில் தேடினால் எல்லோரும் நடுவில் ஓர் உருண்டை, சுற்றி ஓடுகிற புள்ளிகள் என்று அணுவின் படத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். இவளுக்கு அது கார்ட்டூன்.

கேள்வி இதுதான். இந்த வயதில் தனிமம், அணு எல்லாம் சொல்லலாமா? சொன்னால் எதில் தொடங்குவது? வீட்டிலும் எங்கள் ஊர்ப்பக்கமும் கிடைக்கிற சாமானை வைத்துச் செய்கிற மாதிரி இருந்தால் நல்லது. கிட் என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள், அதெல்லாம் நமக்கு ஒத்துவராது.

சித்தூர் டீச்சர்:

முதலில் ஒன்று, நான் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் இல்லை. இங்கே தமிழ் மீடியம் யு.பி. (உயர்தொடக்கப் பள்ளி) பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். என் கட்சி என்னவென்றால் அணுவைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். பொருளை முதலில் கையில் கொடுங்கள்.

நாலாம் வகுப்புக்கு ஒரு பழைய பிஸ்கட் டப்பா போதும். அதில் ஓர் இரும்பு ஆணி, மின்கம்பியை உரித்து எடுத்த செம்பு, சமையலறை அலுமினியத் தாள், சிரட்டைக்கரி, நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய ஒரு துண்டுக் கந்தகம், பியூஸ் போன பழைய குண்டு பல்பு (உள்ளே இருக்கிற இழை டங்ஸ்டன், உடைக்கவேண்டாம்). இவை எல்லாம் தனிமங்கள், அல்லது கிட்டத்தட்ட தனிமங்கள். ஆணியில் கொஞ்சம் கார்பனும் சேர்ந்திருக்கும், சிரட்டைக்கரியில் சாம்பலாகிற சமாச்சாரம் கொஞ்சம் இருக்கும், இந்த வயதில் அதைப் பெரிதுபடுத்தவேண்டாம். எடை பார்க்கட்டும், கீறிப் பார்க்கட்டும், காந்தம் ஒட்டுகிறதா, பேட்டரியில் இணைத்தால் பல்பு எரிகிறதா என்று பார்க்கட்டும். "இதற்குள் வேறு எதுவும் இல்லை, எவ்வளவு பிரித்தாலும் இதுவேதான் வரும்" என்ற ஒரே வாக்கியம்தான் நாம் சொல்லவேண்டியது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 1789இல் லவாய்சியே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் தனிமங்களின் பட்டியல் ஒன்றை அச்சிட்டார், மொத்தம் 33. அணுவைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. இதற்குமேல் பிரிக்க நம்மிடம் வழியில்லை என்றால் அது தனிமம், அவ்வளவுதான் அவர் கணக்கு. அந்தப் பட்டியலில் ஒளியும் வெப்பமும்கூடத் தனிமமாக இருந்தன! டால்டன் என்ற ஆங்கில வேதியியலாளர் அணுக்களோடு வந்தது அதற்கப்புறம், 1800களின் தொடக்கத்தில். உலகமே பொருளைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அணுவுக்குப் போயிருக்கிறது. பிள்ளையை மட்டும் ஏன் தலைகீழாக நடத்துகிறோம்?

பென்சில்முனை:

டீச்சர், மன்னிக்கணும், முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. வரலாறு போன வழியிலேயே குழந்தையும் போகவேண்டும் என்று சட்டம் இல்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை நேரடியாகத்தானே சொல்லிக்கொடுக்கிறோம், முதலில் சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது என்ற பழைய டாலமியைப் படி என்று யாரும் சொல்வதில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குப் "பெரியது எவ்வளவு பெரியது, சின்னது எவ்வளவு சின்னது" என்பதில் இருக்கிற ஆசை வேறு எதிலும் இல்லை. 28 செ.மீ. நீளத்தில் ஒரு காகிதப் பட்டை எடுத்து, பாதியாக வெட்டு, அந்தப் பாதியைப் பாதியாக வெட்டு என்று சொல்லுங்கள். எட்டுப் பத்து வெட்டிலேயே கத்தரிக்கோல் தோற்றுவிடும், துண்டு ஒரு மில்லிமீட்டர் பக்கம் வந்திருக்கும். வெட்ட முடிந்தால் 31ஆவது வெட்டில் ஏறக்குறைய ஓர் அணுவின் அளவுக்கு வந்துவிடுவோம். முப்பத்தொன்றுதானா என்று வாயைப் பிளப்பார்கள். தலைமுடியின் குறுக்கே கார்பன் அணுக்களை வரிசையாக அடுக்கினால் சுமார் 5 லட்சம் நிற்கும் என்று சொன்னால் அன்றைக்கு முழுக்க முடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதை எட்டு வயதில் சொல்லாமல் பதினாலு வயதில் சொன்னால் அந்த ஆச்சரியம் இருக்காது.

அதோடு, சிரட்டைக்கரியும் வைரமும் ஒரே தனிமம் என்பதை அணு இல்லாமல் எப்படி விளக்குவீர்கள்? டப்பாவில் வைத்தால் இரண்டும் வேறு வேறு பொருளாகத்தானே தெரியும்?

சித்தூர் டீச்சர்:

கரி வைரம் கேள்வி நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை நாலாம் வகுப்பில் நானாகக் கிளப்பமாட்டேன். பிள்ளை கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

காகித வெட்டு நல்ல விளையாட்டு, நானும் செய்வதுண்டு. சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. வெட்டி வெட்டிச் சின்னதாக்கிய துண்டு காகிதமாகவேதானே இருக்கிறது. அதனால் "அணு என்பது அந்தப் பொருளின் குட்டித் துண்டு" என்று பிள்ளை பிடித்துக்கொள்ளும். அப்புறம் செம்பின் அணு சிவப்பாக இருக்கும், இரும்பின் அணு கெட்டியாக இருக்கும், வெந்நீரில் இருக்கிற அணு சுடும், மெழுகு உருகினால் அதன் அணுவும் உருகும் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நம் பிள்ளைகள் மட்டும் இல்லை, பல நாடுகளில் ஆய்வு செய்தவர்கள் இதே பதில்களைத்தான் குறித்திருக்கிறார்கள், அதுவும் மேல்வகுப்பு மாணவர்களிடமே. ஓர் அணு தனியாக நின்றால் அதற்கு நிறமும் இல்லை, உருகுநிலையும் இல்லை. அதெல்லாம் கோடிக்கணக்கில் சேர்ந்து நிற்கும்போது வருவது.

லட்டு உதாரணம் ஒன்று ஊர்முழுக்க ஓடுகிறதே, லட்டுக்குள் பூந்தி, பொருளுக்குள் அணு என்று. பூந்தியும் இனிக்கும், லட்டும் இனிக்கும். அங்கேயே தப்பு ஆரம்பித்துவிடுகிறது.

பென்சில்முனை:

லட்டை நான் தாங்கிப் பேசவில்லை டீச்சர், அதை விட்டுவிடலாம். ஆனால் பின்னால் திருத்த வேண்டியிருக்கும் என்பதற்காகச் சொல்லாமலே இருந்தால் எதையுமே சொல்ல முடியாது. தமிழ்நாட்டுப் பாடத்தில் ஏழாம் வகுப்பிலேயே அணு அமைப்பு வந்துவிடுகிறது. புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் எல்லாம் ஒரே மூச்சில். அதற்கு முன்னால் அணு என்ற எண்ணமாவது பழகியிருக்கவேண்டாமா?

ஐந்திணை:

நம் மரபில் இருக்கிற ஐம்பூதத்திலிருந்து தொடங்கலாமே? நிலம், நீர், தீ, காற்று, வானம். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தது.

சித்தூர் டீச்சர்:

தொடங்கலாம், ஒரு நிபந்தனையோடு. அந்த ஐந்தில் ஒன்றுகூட இன்றைய கணக்கில் தனிமம் இல்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கிற மாதிரி கொண்டுபோகவேண்டும். காற்று ஒரு கலவை, நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 ஆக்சிஜன், மிச்சத்தில் பெரும்பகுதி ஆர்கான். மண்ணில் எத்தனையோ சேர்மங்கள், அதாவது தனிமங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டான பொருள்கள், கலந்திருக்கும். நீர் ஒரு சேர்மம். தீ பொருளே இல்லை, நடக்கிற ஒரு வேலை. அப்படிக் கொண்டுபோனால் அருமையான வகுப்பு. "நம் முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும்" என்று முடித்தால் வீண்.

கருமணல்:

எல்லாரும் டப்பாவிலேயே நிற்கிறீர்கள். தங்கச்சி குழித்துறைக்காரி, நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மணவாளக்குறிச்சி. பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போனால் போதுமே. நான் மணல் பிரிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடற்கரையில் மணல் வெள்ளையாக இருக்காது. கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாகக் கிடக்கும். சாதாரண வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், தண்ணீரைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் கனம். இல்மனைட், மோனசைட் எல்லாம் நாலரை ஐந்து மடங்கு. அலை வந்து திரும்பும்போது லேசானதை இழுத்துக்கொண்டு போகும், கனமானதைப் போட்டுவிட்டுப் போகும். ஆலையில் நாங்கள் இயந்திரம் வைத்துச் செய்கிற வேலையின் முதல் பாதியைக் கடல் சும்மா செய்து வைத்திருக்கிறது.

அந்த மணலில் என்னென்ன என்று பாருங்கள். கறுப்பாக இருப்பது இல்மனைட், அதில் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும். சிவப்பு கார்னெட். கண்ணாடி மாதிரிப் பளபளப்பது சிர்க்கான், அதில் சிர்க்கோனியம். மஞ்சளாக, தேன் நிறத்தில் வருவது மோனசைட். அதற்குள்தான் சீரியம், லாந்தனம், நியோடிமியம், தோரியம் எல்லாம் பாஸ்பேட்டாக உட்கார்ந்திருக்கின்றன. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போது நம் பக்கம் முழுக்கத் திருவிதாங்கூர் சமஸ்தானம், குமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல்தான். கயிறு வாங்கினவனுக்குத் தோரியம் கிடைத்த கதை, பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

தோரியம் அன்றைக்கு எதற்கு என்றால் விளக்குக்கு. பெட்ரோமாக்ஸில் கட்டுகிற மேன்டில் இருக்கிறதே, திருவிழாவுக்கெல்லாம் தலையில் வைத்துச் சுமந்து போவார்கள், அந்தத் துணிப்பையைத் தோரியமும் துளி சீரியமும் கலந்த கரைசலில் நனைத்திருப்பார்கள். முதல்முறை பற்றவைக்கும்போது துணி எரிந்து போய்விடும், ஆக்சைடு மட்டும் வலை மாதிரி நிற்கும். சூடேறினால் வெள்ளை வெளிச்சம் அதிலிருந்துதான். தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு என்று ஆவர் வான் வெல்ஸ்பாக் என்பவர் கண்டுபிடித்த கலவை. சிகரெட் லைட்டரில் பொறி வருகிற கல்லும் அவர் வேலைதான், அதிலும் சீரியம் உண்டு.

பிள்ளைக்கு நான் காட்டுவது வேறொன்று. வீட்டுச் சுவரில் அடிக்கிற வெள்ளை பெயிண்டின் வெண்மை பெரும்பாலும் டைட்டானியம் டையாக்சைடு. பற்பசையிலும் அதைப் போடுவதுண்டு. அதை இந்தக் கறுப்பு இல்மனைட்டிலிருந்து எடுக்கிறார்கள், திருவனந்தபுரத்திலேயே அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. கறுப்பு மணல் உள்ளே போகிறது, வெள்ளைப் பொடி வெளியே வருகிறது. டைட்டானியம் அதேதான், கூட்டாளி மட்டும்தான் மாறியிருக்கிறது.

குழித்துறைக்காரி:

அண்ணே, இது புதுசாக இருக்கிறது, இத்தனை வருடமாக அந்த வழியாகக் கோவிலுக்குப் போய் வருகிறோம்! ஆனால் அங்கே கதிர்வீச்சு என்று சொல்கிறார்களே. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா? மணலைப் பாட்டிலில் எடுத்து வந்து வைக்கலாமா?

கருமணல்:

போகலாம், எடுத்து வரவேண்டாம். அந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிடக் கூடுதல்தான், கதிர்வீச்சு விடுகிற தோரியம் இருப்பதால். கேரளத்தில் சவறா, கருநாகப்பள்ளிப் பக்கமும் அப்படியே. கருநாகப்பள்ளியில் ஆயிரக்கணக்கான ஆட்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2009இல் வந்தது, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடுவதாக அதில் தெரியவில்லை. அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் கதை அது. நீங்கள் ஒரு சாயங்காலம் நின்று பார்த்துவிட்டு வரப்போகிறீர்கள், அதற்குப் பயம் வேண்டாம். ஆனால் மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிற பொருள். அதை அள்ளி வீட்டில் சேர்த்து வைக்கிற பழக்கம் வேண்டாம், சின்னப் பிள்ளை கையை வாயில் வைக்கும், தூசி மூக்கில் ஏறும். கரையிலேயே பார்த்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

ஒரு காந்தம் மட்டும் கொண்டு போங்கள். சாதாரண காந்தத்துக்கு இல்மனைட் அவ்வளவாகச் சிக்காது. பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்தோ ஸ்பீக்கரிலிருந்தோ கழற்றிய நியோடிமியம் காந்தம் என்றால் கறுப்பு மணல் ஓடி வந்து ஒட்டும். காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிடியுங்கள், இல்லாவிட்டால் மணலைச் சுரண்டியே ஆயுசு போய்விடும். அந்தக் காந்தத்தில் இருக்கிற நியோடிமியம் மோனசைட்டிலும் இருக்கிறது என்று அங்கேயே வைத்துச் சொல்லலாம்.

எரிதழல்:

அந்தக் காந்தத்தில் மூன்று சரக்கு: நியோடிமியம், இரும்பு, போரான். பாப்பா கேட்ட போரான் அதில் இருக்கிறது! இன்னும் எளிதாக வேண்டும் என்றால் கேரம் போர்டில் தூவுகிற பவுடர், அது போரிக் அமிலம். லித்தியம் போன் பேட்டரியில். பெரிலியம் மரகதக் கல்லில். எல்லாம் சேர்மமாகவோ கலப்பாகவோதான், தனியாக இல்லை.

சித்தூர் டீச்சர்:

கேரம் பவுடர்! இதை நான் திருடிக்கொள்கிறேன்.

ஆனால் பாருங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது. பவுடர் வெள்ளை, தனிப் போரான் கருத்த நிறம். இல்மனைட் கறுப்பு, பெயிண்ட் வெள்ளை. "அதற்குள் இது இருக்கிறது" என்று நாம் வாயால் சொன்னால் பிள்ளை தலையாட்டும், நம்பாது. மறைந்த தனிமம் திரும்பி வருவதை அது கண்ணால் ஒரு தடவையாவது பார்க்கவேண்டும். ஒளிந்துகொண்டாலும் மாறாமல் திரும்பி வருகிற ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அணுவுக்கே வேலை வருகிறது, ஏனென்றால் உள்ளே எதுவோ அப்படியே இருந்திருக்கவேண்டும் அல்லவா. நான் சொல்ல வருவது இந்த வரிசையைத்தான். வயதைப் பற்றிப் பிடிவாதம் இல்லை.

ரப்பர்பால்:

டீச்சர் கேட்டது எங்கள் தோட்டத்து ஷெட்டிலேயே இருக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்குத் துருசு தெரியும், காப்பர் சல்பேட், தமிழில் மயில்துத்தம். மழைக்கு முன்னால் சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாக மரத்துக்கு அடிப்போம், இல்லாவிட்டால் இலை கொட்டிப்போகும்.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அரை ஸ்பூன் துருசு. நல்ல நீலம். ஓர் இரும்பு ஆணியை உப்புத்தாளில் பளபளவென்று தேய்த்துப் போடுங்கள். சில நிமிடத்தில் ஆணி சிவக்கும். ராத்திரி முழுக்க விட்டால் நீலம் வெளிறும், ஆணியைச் சுற்றிச் சேறு மாதிரிச் செம்பு. அண்ணன் மகனிடம் காட்டினேன், "சித்தப்பா, துரு பிடிச்சிருச்சு" என்றான். துரு என்றால் பேட்டரியில் கரண்டு பாயாதே என்று சொல்லி விட்டுவிட்டேன். அவனே கழுவி, காயவைத்து, கரண்டி முதுகால் தேய்த்துப் பார்த்தான், செம்புப் பளபளப்பு வந்தது. அப்புறம் சண்டைக்கே வரவில்லை.

கையில் உறை போடவேண்டும், வாயில் படக்கூடாது, துருசு விஷம். வேலை முடிந்ததும் டம்ளரைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

பென்சில்முனை:

ரப்பர்பால் அண்ணன் சொன்னதைப் படித்ததும் டீச்சர் கட்சி எனக்குக் கொஞ்சம் புரிகிறது. நீலத்துக்குள் செம்பு இருந்தது, வெளியே வந்தது, இரும்பு உள்ளே போனது. சரி. ஆனால் இதைப் பார்த்த பிள்ளை உடனே "எப்படி உள்ளே இருந்துச்சு, ஏன் கண்ணுக்குத் தெரியலை" என்று கேட்குமே, அப்போது அணு என்று சொல்லித்தானே ஆகவேண்டும். அப்படியென்றால் நம் சண்டை ஒரு வருடத்துக்கும் ஒரு டம்ளருக்கும் இடையில்தான்.

இன்னொன்று சேர்க்கிறேன், தண்ணீரைப் பிரிப்பது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் இரண்டு ஓட்டை, இரண்டிலும் இருபுறமும் சீவிய பென்சில் குச்சி, ஓட்டையைச் சுற்றி எம்-சீல். தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து ஊற்றி, கீழே 9 வோல்ட் பேட்டரி. இரண்டு முனையிலும் குமிழி வரும். மேலே தண்ணீர் நிரம்பிய சின்னக் கண்ணாடிக் குழாய்களைக் கவிழ்த்துப் பிடித்தால், எதிர்முனையில் ஹைட்ரஜன், நேர்முனையில் ஆக்சிஜன், ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. ஏறக்குறைய என்று ஏன் சொல்கிறேன் என்றால் ஆக்சிஜன் கொஞ்சம் தண்ணீரில் கரையும், கொஞ்சம் பென்சில் கரியைத் தின்றுவிடும், அதனால் அந்தப் பக்கம் குறைவாகவே நிற்கும். சமையல் உப்பு மட்டும் போடவே போடாதீர்கள், குளோரின் வாயு வரும். 1800இல் வோல்ட்டாவின் பேட்டரி பற்றிய செய்தி வந்த கொஞ்ச நாளில் நிக்கல்சனும் கார்லைலும் லண்டனில் செய்த அதே சோதனைதான், அவர்களிடம் எம்-சீல் இல்லை.

இரண்டுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கு இருக்கிறதே, அதை வெறும் பொருளை வைத்து விளக்க முடியாது டீச்சர். அங்கே அணு தானாகவே கதவைத் தட்டும்.

சித்தூர் டீச்சர்:

தட்டட்டும், திறந்துவிடுகிறேன். அதுவரைக்கும் படம் போட்டு வரவேற்கவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். குறிப்பாக அந்தச் சுற்றி ஓடும் புள்ளிப் படம். நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானி 1913இல் கொடுத்த படம் அது, சில காரியங்களுக்கு நன்றாகப் பயன்பட்டது, ஆனால் எலக்ட்ரான் அப்படிப் பாதை போட்டு ஓடுவதில்லை. எட்டு வயதில் மனதில் ஒட்டினால் கல்லூரி வரை போகாது. அணுவென்றால் ஓர் உருண்டை, தனிமத்துக்குத் தனிமம் எடை வேறு, சேர்ந்து பிரியும், ஆனால் அழியாது. டால்டனுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது, நம் பிள்ளைக்கும் போதும்.

நகரிக்காரன்:

ஆந்திர எல்லையிலிருந்து ஒரு குரல். எங்கள் ஊரில் பாதி வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு அல்லது இங்கிலீஷ், பிள்ளைகளுக்கு மூன்று மொழியிலும் தனிமப் பேர் தெரியும், பொருள் ஒன்றும் தெரியாது, அதே கதைதான்.

ஹீலியம் என்று வரிசையில் இரண்டாவதாகச் சொல்கிறார்களே, அதற்கு எங்கள் மாநிலத்தில் ஒரு ஊர் இருக்கிறது: குண்டூர். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளர் குண்டூருக்கு வந்து கூடாரம் போட்டார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்று பார்த்தார். சூரியனின் விளிம்பில் எழும் கொழுந்துகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் ஒரு மஞ்சள் கோடு, சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில், ஆனால் அதே இடத்தில் இல்லை. சில மாதத்தில் இங்கிலாந்தில் லாக்கியர் என்ற வானியலாளரும் அந்தக் கோட்டைப் பிடித்தார், பூமியில் தெரியாத ஒரு தனிமம் என்ற முடிவுக்கு வந்தார். ரொம்பப் பேர் நம்பவில்லை. 1895இல் ராம்சே என்ற வேதியியலாளர் யுரேனியம் உள்ள ஒரு தாதுவிலிருந்து அதே வாயுவை எடுத்துக் காட்டினபிறகுதான் வாய் அடைத்தது.

வீட்டில் இதில் ஒரு துளி காட்டலாம். கேஸ் அடுப்பின் நீலத் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் மஞ்சள், அது சோடியம். ரப்பர்பால் அண்ணனின் துருசு ஒட்டின கம்பி முனையைக் காட்டினால் பச்சை, அது செம்பு. (ஜன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் கையால்.) தனிமத்தைத் தொடாமலே அடையாளம் காணலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

கருமணல்:

தம்பி நகரிக்காரன், உங்கள் ஹீலியம் எங்கள் மணலிலும் இருக்கிறது. தோரியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும், பாதி சிதைய 1,400 கோடி வருடம் ஆகும் என்பது அதன் கணக்கு. சிதையும்போதெல்லாம் வெளியே தெறிக்கிற துகள் ஹீலியம் அணுவின் உட்கரு, அதாவது அதன் நடுப்பகுதி. அது மோனசைட் மணிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்தக் காலத்தில் மோனசைட்டைச் சூடாக்கியே ஹீலியம் எடுத்திருக்கிறார்கள். குண்டூரில் சூரியனில் பார்த்தது மணவாளக்குறிச்சியில் காலுக்கடியில்.

டீச்சர் "அழியாது" என்று சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு. நாலாம் வகுப்பில் சொல்லவேண்டாம், ஆனால் "ஒருநாளும் அழியாது" என்று சத்தியமும் பண்ணவேண்டாம்.

சித்தூர் டீச்சர்:

சரி அண்ணே, "நம் வீட்டு அடுப்பிலும் டம்ளரிலும் அழியாது" என்று வைத்துக்கொள்கிறேன்.

குழித்துறைக்காரி:

அப்போ அந்தத் தனிம அட்டவணை? சுவரில் மாட்ட ஒன்று வாங்கலாம் என்று இருந்தேன். வேண்டாமா?

எரிதழல்:

வாங்குங்கள், விலை கம்மிதான். மனப்பாடத்துக்கு வேண்டாம், தேடிப் பார்ப்பதற்கு. இன்றைக்கு இன்ன பொருளைப் பார்த்தோம், அதில் இருக்கிற தனிமத்தின் கட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டு என்று விட்டுவிடுங்கள். நகைக்கடை விளம்பரத்தில் வருகிற 916ஐக்கூட அதில் கொண்டுவரலாம், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும், ஆக ஒரு வளையலுக்கு மூன்று ஸ்டிக்கர். ஆரன்முளைக் கண்ணாடிக்கு இரண்டு, செம்பும் வெள்ளீயமும். மொத்தம் 118 கட்டம், கடைசி நாலும் உறுதியானது 2015 முடிவில்தான். எல்லாம் நிரம்பாது, நிரம்பவேண்டிய அவசியமும் இல்லை.

சித்தூர் டீச்சர்:

ஸ்டிக்கர் யோசனை பிடித்திருக்கிறது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, ஆறாம் ஏழாம் வகுப்புக்கு, நான் வேறு மாதிரி செய்வேன். அட்டைகளில் தனிமத்தின் எடை, எதோடு எப்படிச் சேரும் என்று எழுதி, சில அட்டையை ஒளித்து வைத்துவிட்டு வரிசைப்படுத்தச் சொல்வேன். இடைவெளி எங்கே என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869இல் செய்தது அதைத்தானே. அலுமினியத்துக்குக் கீழே ஒன்று வரவேண்டும் என்று இடம் விட்டார், அதன் அடர்த்தி 5.9 இருக்கும் என்றார். 1875இல் பாரிஸில் புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து அடர்த்தி 4.7 என்று எழுதினார். ரஷ்யாவிலிருந்து மெண்டலீவின் கடிதம் போனது, நீங்கள் எடுத்தது சுத்தமாக இல்லை, மறுபடி அளந்து பாருங்கள் என்று. அளந்தார், 5.9. பொருளைக் கையில் வைத்திருந்தவரைவிடக் காகிதத்தில் கட்டம் போட்டவர் சரியாகச் சொன்னார்! வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது.

காலியம் 30 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே உருகும். வெளிநாட்டு வீடியோவில் உள்ளங்கையில் வைத்து உருக்கிக் காட்டுவார்கள். பாலக்காட்டு மார்ச் மாதத்தில் அதை டப்பாவில் கட்டியாகப் பார்க்க ஃபிரிட்ஜ் வேண்டும்.

பென்சில்முனை:

டீச்சர், இப்போது நீங்கள்தான் பொருளை விட்டுக் காகிதத்துக்கு வந்திருக்கிறீர்கள், கவனித்தீர்களா :)

சித்தூர் டீச்சர்:

ஆறாம் வகுப்புக்கு என்று எழுதியிருக்கிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள் :)

குழித்துறைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. போட்டிக்கு அவள் ஒப்பிக்கட்டும், அதைத் தடுக்கப்போவதில்லை. டப்பா தயாராகிறது, கந்தகம் மட்டும் மார்த்தாண்டத்தில் வாங்கணும். இந்த வாரம் ஆணியும் துருசும். ரப்பர்பால் அண்ணே, ஒரு சந்தேகம், வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரை என்ன செய்வது? எங்கள் வீட்டில் கிணறு பக்கத்திலேயே இருக்கிறது.

ரப்பர்பால்:

கிணற்றுப் பக்கமும் வேண்டாம், குளத்திலும் ஓடையிலும் வேண்டாம், மீன் செத்துவிடும். நனைத்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள், நீலம் போய்க் கலங்கலாக அடியில் படியும். தெளிந்த நீரில் நீலம் தெரியாதவரை சுண்ணாம்பு போடலாம். அப்புறம் கிணற்றுக்குத் தூரமாக ஒரு குழி வெட்டி ஊற்றி மூடிவிடுங்கள், அரை ஸ்பூன்தானே. ஆணி வாங்கும்போது கால்வனைஸ் செய்தது வேண்டாம், அதன்மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும், பிள்ளை பார்ப்பது இரும்பின் வேலையா துத்தநாகத்தின் வேலையா என்று குழம்பிவிடும். மரவேலைக்கு அடிக்கிற சாதாரண ஆணி, இரண்டு இஞ்ச், அது போதும்.